ஒலொடூம்: கேட்கவும் கொட்டவும் தொடங்குவோருக்கு

மைக்கேல் ஜாக்சனின் ‘தே டோன்ட் கேர் அபவுட் அஸ்’ வீடியோவில், சரிவான கல்தெருவில் வரிசை வரிசையாக மேளத்தோடு நின்று கொட்டுகிறார்களே, அவர்கள்தான் ஒலொடூம் குழுவினர். 1996 பிப்ரவரியில் இயக்குநர் ஸ்பைக் லீ பிரேசிலின் சால்வடோர் நகரில் எடுத்த காட்சி அது. பலருக்கு ஒலொடூம் அறிமுகமாவதும் அங்கேதான், முடிந்துபோவதும் அங்கேதான். ஆனால் அந்தப் படப்பிடிப்புக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அவர்கள் தங்களுக்கென்று ஒரு தாளத்தை உருவாக்கி, ஊரையே அதற்கு ஆடவைத்துவிட்டார்கள். எதை முதலில் கேட்பது, காதை எப்படிப் பழக்குவது, பன்னிரண்டு பேர் சேர்ந்து அந்தத் தாளத்தைக் கொட்டிப் பார்க்க என்ன வேண்டும், சால்வடோருக்கே போனால் எங்கே நிற்பது என்பதை இங்கே வரிசையாகச் சொல்கிறோம்.

எல்லாவற்றுக்கும் பொதுவான அறிவுரை ஒன்றுதான்: அடியிலிருந்து கேளுங்கள். ஒலொடூமின் மெட்டு அதன் பெரிய மேளங்களில் இருக்கிறது. கிட்டாரும் கீபோர்டும் பித்தளை வாத்தியங்களும் பின்னால் வந்து சேர்ந்தவை.

1. முதலில் ஊரைத் தெரிந்துகொள்ளுங்கள்

பிரேசில் கார்னிவல் என்றதும் கண்முன் வரும் இறகு அலங்காரமும், நடுவர்கள் மதிப்பெண் போடும் அணிவகுப்பும் ரியோ டி ஜெனிரோவைச் சேர்ந்தவை. ஒலொடூம் அந்த உலகத்தைச் சேர்ந்ததல்ல. அதன் ஊர் சால்வடோர். வடகிழக்கில் உள்ள பஹியா மாநிலத்தின் தலைநகர், 1549 முதல் 1763 வரை பிரேசிலுக்கே தலைநகராக இருந்த துறைமுகம். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தோரே அங்கே பெரும்பான்மை. கார்னிவலில் இசை நகர்ந்துகொண்டே போகும், ஜனமும் கூடவே போகும். 1950-இல் டோடோ, ஒஸ்மார் என்ற இருவர் ஒரு பழைய 1929 ஃபோர்டு காரில் ஒலிபெருக்கி கட்டித் தெருவில் வாசித்துக்கொண்டு போனார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய ட்ரியோ எலெட்ரிகோ: சுற்றிலும் ஸ்பீக்கர், உச்சியில் பாடகர், அடியில் ஒரு பெரிய லாரி.

கார்னிவலில் ஒன்றாக நடக்கும் குழுவுக்குப் பிளோக்கோ என்று பெயர். பிளோக்கோவைச் சுற்றிக் கயிறு பிடித்திருப்பார்கள். காசு கட்டி உடை வாங்கியவர் கயிற்றுக்குள், மற்றவர் வெளியே. 1970-களில் பெரிய பிளோக்கோக்களின் கயிற்றுக்குள் கறுப்பினத்தவர் நுழைவது அரிது. கயிற்றைப் பிடிக்கும் கூலி வேலை மட்டும் அவர்களுக்குக் கிடைத்தது. இதற்குப் பதிலடியாக 1974 நவம்பரில் லிபர்டாடே பகுதியின் குருஸு தெருவில் இலே ஐயே தொடங்கியது. கறுப்பினத்தவர் மட்டுமே சேரக்கூடிய பிளோக்கோ. 1975 கார்னிவலில் முதன்முதலாகத் தெருவுக்கு வந்தது. பிளோக்கோ ஆஃப்ரோ என்ற வகை அங்கிருந்து பிறக்கிறது.

இதே ஊரில் 1949-இலேயே துறைமுகச் சுமைதூக்கும் தொழிலாளர்கள் ஒரு குழு தொடங்கியிருந்தார்கள். முந்தைய ஆண்டு கொல்லப்பட்ட காந்தியின் நினைவாக ‘காந்தியின் பிள்ளைகள்’ என்று பொருள்படும் ‘ஃபில்யோஸ் டி காந்தி’ என்ற பெயர். வெள்ளை உடை, தலையில் வெள்ளைத் துண்டு, கழுத்தில் நீலமும் வெள்ளையுமான மணிமாலை என்று இன்றும் ஆயிரக்கணக்கில் நடந்து வருகிறார்கள். அவர்களுடையது இஜெஷா என்னும் நிதானமான வழிபாட்டுத் தாளம். ஒலொடூமை அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்; ஆனால் இந்த வரிசை தெரிந்தால் ஒலொடூம் திடீரென்று முளைத்ததல்ல என்பது புரியும்.

2. குழுவின் பாதை, சுருக்கமாக

ஒலொடூம் 1979 ஏப்ரல் 25 அன்று சால்வடோரின் மசியெல்–பெலோரின்யோ பகுதியில் தொடங்கப்பட்டது. மேற்கு ஆப்பிரிக்காவின் யொருபா மக்களின் முழுமுதற் கடவுளான ஒலொடுமாரே என்ற பெயரிலிருந்து எடுத்த பெயர். பெலோரின்யோ என்பது அடிமைகளைக் கட்டிவைத்துச் சவுக்கால் அடித்த தூண் நின்ற இடம். 1985-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் ஏறிய அந்தப் பழைய நகரம், ஒலொடூம் தொடங்கியபோது இடிந்த மாளிகைகளும் வறுமையும் போலீஸ் தொல்லையுமாகக் கிடந்தது. 1990-களில் அரசு அதைப் புதுப்பித்துச் சாயம் பூசியபோது, அங்கே குடியிருந்த குடும்பங்களில் பெரும்பாலானவை வெளியேற வேண்டியதாயிற்று. இன்று அந்த வண்ணச் சுவர்களின் முன்னால் படமெடுக்கிறவர்கள் இதையும் தெரிந்துகொள்வது நல்லது.

1980-இல் முதல் ஊர்வலம். 1983 வாக்கில் குழு தள்ளாடிய நேரத்தில் இரண்டு பேர் அதைத் திருப்பி நிறுத்தினார்கள். ஒருவர் ஜோவாங் ஜோர்ஜி ரோட்ரிகஸ். குழுவைக் கறுப்பின உரிமைக்கான பண்பாட்டு அமைப்பாக வளர்த்தவர், நெடுங்காலம் அதன் தலைவர், 2023-இல் பிரேசில் அரசின் பல்மாரெஸ் பண்பாட்டு நிறுவனத்துக்கே தலைவரானவர். மற்றவர் நெகின்யோ டோ சம்பா என்று ஊர் அழைத்த அன்டோனியோ லூயிஸ் ஆல்வெஸ் டி சோசா. இலே ஐயேவிலிருந்து வந்த மேளத் தலைவர். அவர்களுடைய சொல்லில் மெஸ்ட்ரி. சம்பா–ரெகே என்ற தாளத்துக்குத் தந்தை என்று பஹியாவில் சொல்வது இவரைத்தான்.

அவர் செய்தது என்ன? அந்த நாட்களில் பஹியா இளைஞர்கள் ஜமைக்காவின் ரெகே பாடகர் பாப் மார்லியைக் கேட்டு வளர்ந்துகொண்டிருந்தார்கள். சம்பாவின் வேகத்தைக் குறைத்து, ரெகேயில் அடிக்கும் அடிக்கும் நடுவே விழுகிற அந்த எழும்பலை மேளத்துக்குக் கொண்டுவந்தார். ரியோ அணிவகுப்பு நிமிடத்துக்கு ஏறக்குறைய 140 அடி ஓடும். ஒலொடூம் 90, 100-க்குள் நடக்கும். பெரிய மேளங்களை நான்கு சுருதிகளாகப் பிரித்து ஒன்றுக்கொன்று பேசவைத்தார். ரெபிக்கே என்ற சிறு மேளத்தை ஒரு கையும் ஒரு குச்சியுமாக அடிப்பதை மாற்றி, இரண்டு மெல்லிய வளையும் குச்சிகளைக் கொடுத்தார். அந்தச் ‘சட்சட்’ ஒலி வந்ததும் இது ஒலொடூம் என்று காது சொல்லிவிடும்.

பாட்டுகள் பிறக்கும் முறையும் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு ஆண்டுக் கார்னிவலுக்கும் ஒரு பொருள்: எகிப்து, மடகாஸ்கர், எத்தியோப்பியா என்று. அதைப் பற்றிய குறிப்புகளைத் திரட்டிப் பாட்டுக்காரர்களிடம் கொடுப்பார்கள். அவர்கள் எழுதி வந்து போட்டியில் பாடுவார்கள். தேறிய பாட்டு தெருவுக்கு வரும். பள்ளிப் பாடத்தில் இல்லாத ஆப்பிரிக்க வரலாற்றைப் பெலோரின்யோ பிள்ளைகள் இப்படித்தான் மனப்பாடம் செய்தார்கள். 1987-க்கான பொருள் எகிப்து. லூசியானோ கோமெஸ் எழுதிய ‘ஃபரவோ’ அந்த ஆண்டு ஊரெங்கும் ஒலித்தது. ஒலொடூமின் முதல் ஆல்பம் ‘எஜிட்டோ மடகாஸ்கர்’ அதே ஆண்டு வெளிவந்தது.

3. காதைப் பழக்குங்கள்

போன் ஸ்பீக்கரில் ஒலொடூமைக் கேட்காதீர்கள். 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே அது தருவது மிகக் குறைவு. பெரிய சுர்டோ மேளத்தின் அடிநாதமோ 100 ஹெர்ட்ஸுக்கும் கீழே. போனில் கேட்டால் குச்சிச் சத்தமும் பாடகரும் மட்டும் மிஞ்சும். “ஒரே இரைச்சல், எல்லாப் பாட்டும் ஒன்றுபோலவே இருக்கிறது” என்று புதியவர்கள் சொல்வதற்கு முக்காலே மூணு வீசம் காரணம் இதுதான். காதை மூடும் ஹெட்ஃபோன், அல்லது பாஸ் ஒலி ஒழுங்காக வரும் வீட்டு ஸ்பீக்கர் வேண்டும். ஈக்குவலைசரில் பாஸை ஏற்ற வேண்டாம். அப்படிச் செய்தால் இரண்டு தாழ்மேளங்களின் சுருதி வேறுபாடு கலங்கி ஒரே உறுமலாகிவிடும்.

ஒரே பாட்டை மூன்று முறை கேளுங்கள். முதல் முறை மிகத் தாழ்ந்த இரண்டு மேளங்களை மட்டும். ஒன்று கேட்கும், மற்றது பதில் சொல்லும்; அந்தப் பதிலில் கால் தானாக மாறும். இரண்டாம் முறை அவற்றுக்கு மேலே உள்ள மேளம். அது பெரும்பாலும் சுற்றின் கடைசியில் விழித்துக்கொண்டு அடுத்த சுற்றைத் தள்ளிவிடும். மூன்றாம் முறை ரெபிக்கே. அதன் அழுத்தங்களைப் பிடிக்க நம்மிடம் ஏற்கெனவே கைவசம் சொற்கட்டு இருக்கிறது. நான்கு அடிக்குப் பதினாறு மாத்திரை என்று வைத்துக்கொண்டு இப்படிச் சொல்லுங்கள்:

தகிட தகிட தகதிமி தகிட தகிட

ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும் ஒரு தட்டு. 3, 3, 4, 3, 3, மொத்தம் 16. காலால் நான்கு அடியையும் சமமாக வைத்துக்கொண்டே வாயால் இதைச் சொன்னால், முதல் தட்டு மட்டும்தான் காலோடு சேரும். இரண்டாவது தட்டு அடுத்த காலடிக்கு ஒரு மாத்திரை முந்தும். மூன்றாவதும் நான்காவதும் இரண்டு காலடிகளுக்கு நட்ட நடுவே விழும். ஐந்தாவது நான்காம் காலடி போன பிறகு ஒரு மாத்திரை தள்ளி வரும். கால் தடுமாறாமல் இதைச் சொல்ல வந்துவிட்டால், பாதி வேலை முடிந்தது. எல்லாக் குழுவும் எல்லாப் பாட்டிலும் இதையே கொட்டுவதில்லை. ஆனால் சம்பா–ரெகேயில் பரவலாகக் கற்பிக்கப்படும் வடிவம் இது.

4. எந்த வரிசையில் கேட்பது

‘எஜிட்டோ மடகாஸ்கர்’ ஆல்பத்தில் தொடங்குங்கள். குரலும் கூட்டுக்குரலும் மேளமும்தான் அதன் உடல். புதியவர்களுக்கு அது வறண்டதாகத் தெரியலாம், பொறுமையாக இருங்கள். அடுத்து 1988-இன் ‘நூபியா அக்ஸூம் எட்டியோப்பியா’. இந்த இரண்டும் பழகிய பிறகுதான் மற்றவை.

பிறகு அமெரிக்கப் பாடகர் பால் சைமன். 1990-இல் வந்த ‘தி ரிதம் ஆஃப் தி செயின்ட்ஸ்’ ஆல்பத்தின் முதல் பாட்டான ‘தி ஆப்வியஸ் சைல்ட்’டில் கொட்டுவது ஒலொடூம். மேளத்தைப் பெலோரின்யோவின் திறந்தவெளியிலேயே பதிவுசெய்து கொண்டுபோய், பாட்டை அதன் மேல் கட்டினார் சைமன். கட்டடச் சுவர்களில் மோதித் திரும்பும் எதிரொலி பதிவிலேயே இருக்கிறது. பாடகர் வாயைத் திறப்பதற்கு முன் வரும் மேள அறிமுகத்தைத் தனியாக வெட்டிப் பலமுறை கேளுங்கள். ரெபிக்கே அழைக்கும், கூட்டம் முழுவதும் பதில் கொடுக்கும். மெஸ்ட்ரியின் கைக்குறிப்பு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஒலிப்பதிவு வேறில்லை.

1993-இன் ‘ஓ மொவிமென்ட்டோ’ ஆல்பத்தில் வேறு ஒலொடூமைக் கேட்பீர்கள். மேடைக்கான பண்ட, அதாவது பாடகர்களும் கிட்டாரும் கீபோர்டும் பித்தளை வாத்தியங்களும் கொண்ட இசைக்குழு, முன்னுக்கு வந்துவிட்டது. ‘ரெக்கெப்ரா’ போன்ற பாட்டுகள் பிரேசில் முழுவதும் பரவியது இந்தக் காலத்தில்தான். இவை கொண்டாட்டத்துக்கு நல்ல பாட்டுகள்; ஆனால் மேளம் பின்வரிசைக்குப் போய்விட்டது என்பது எங்கள் கருத்து. இதையே முதலில் கேட்டவர்கள் பழைய பதிவுகளுக்குத் திரும்புவதே இல்லை. இந்த வரிசையை நாங்கள் வற்புறுத்துவது அதனால்தான்.

மைக்கேல் ஜாக்சனின் பாட்டைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு இரண்டு வீடியோ உண்டு. சிறைச்சாலையில் எடுத்ததில் ஒலொடூம் இல்லை. சால்வடோரிலும் ரியோவின் சாந்தா மார்த்தா குடிசைப் பகுதியிலும் எடுத்ததைத் தேடுங்கள். சால்வடோர் காட்சிகளில் கொட்டுகிறவர்கள் சுமார் 200 பேர். வறுமையைக் காட்டி நாட்டின் பெயரைக் கெடுக்கும் என்று ரியோ அதிகாரிகள் அந்தப் படப்பிடிப்பைத் தடுக்கப் பார்த்தார்கள். பாட்டின் பொருளையும் ஒலொடூமின் வரலாற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அங்கே வேறு எந்த மேளக்குழுவும் பொருந்தியிருக்காது.

செல்வாக்கைத் தேடுகிறவர்கள் பஹியாவின் பாப் இசைக்குப் போங்கள். 1987-இலேயே ‘ஃபரவோ’வை ஜால்மா ஒலிவெய்ராவும் மார்கரெத் மெனெசெஸும் பதிவுசெய்தார்கள், மார்கரெத் 2023-இல் பிரேசிலின் பண்பாட்டு அமைச்சரானார். ‘மடகாஸ்கர் ஒலொடூம்’ பாட்டைப் பண்ட ரெஃப்லெக்ஸுஸ் நாடெங்கும் கொண்டுபோனது. 1992-இல் டானியெலா மெர்குரியின் ‘ஓ கான்ட்டோ டா சிடாடே’ வந்தபோது, ஆஷே என்ற பஹியா பாப் இசை பிரேசிலின் பெருஞ்சந்தையாகிவிட்டது. அதன் இடுப்பில் கட்டியிருந்தது சம்பா–ரெகே. பெலோரின்யோவில் மேளம் கொட்டியவர்களைவிட லாரியின் உச்சியில் நின்று பாடியவர்களுக்கே பெரும்பணம் போனது என்ற மனக்குறை சால்வடோரில் இன்றும் உண்டு. அது நியாயமான மனக்குறை.

நெகின்யோ டோ சம்பா 1993-இல் பெண்கள் மட்டுமே கொட்டும் டிடா குழுவைத் தொடங்கினார். பெரிய மேளம் பெண்ணுக்கு ஆகாது என்ற பேச்சு அதோடு அடிபட்டுப் போனது. அவர் 2009-இல் காலமானார். சால்வடோர்க்காரரான ஜீபா கொன்சால்வெஸ் 1997-இல் பாரிஸில் தொடங்கிய பட்டாலா மேளக்குழு இன்று பல நாடுகளில் கிளை வைத்திருக்கிறது. ஒலொடூமே நடத்தும் பள்ளியில் அந்த வட்டாரத்துப் பிள்ளைகள் மேளமும் நடனமும் படிக்கிறார்கள். 1990-இல் தொடங்கிய பாண்டோ டி தியாத்ரோ ஒலொடூம் நாடகக் குழுவிலிருந்துதான் நடிகர் லாசரோ ராமோஸ் வந்தார்.

5. கொட்டிப் பார்க்க விரும்பினால்

பன்னிரண்டு பேர் போதும். ஏழு பேர் சுர்டோ, மூன்று பேர் ரெபிக்கே, இரண்டு பேர் காய்ஷா. பாதிக்கு மேல் சுர்டோ இருந்தே தீரவேண்டும். எல்லாரும் ரெபிக்கேதான் கேட்பார்கள், அது கண்ணைக் கவரும். ஆறு ரெபிக்கேயும் மூன்று சுர்டோவும் வைத்துத் தொடங்கிய குழுவில் அடி கேட்காது, அடி கேட்காததால் ஒவ்வொருவரும் பக்கத்து ஆளைப் பார்த்து ஓட, வேகம் ஏறிக்கொண்டே போகும்.

சுர்டோ என்பது அலுமினிய உடலும் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் தோலும் கொண்ட உருளை மேளம். குறுக்களவு முதல் ஃபுண்டோவுக்கு 24 அங்குலம், இரண்டாம் ஃபுண்டோவுக்கு 22. இவை இரண்டும்தான் அந்தக் கேள்வி–பதில் மேளங்கள். மூன்றாவதான மார்கசாங் 20, டோப்ரா 18. முதல் மூன்று வகைக்கு இரண்டு பேர் வீதம், டோப்ராவுக்கு ஒருவர். ரெபிக்கே 12 அங்குலம். காய்ஷா 12 அல்லது 14, அடித்தோலில் கம்பிச்சரம் ஓடும். சுர்டோ கிடைக்காத ஊரில் பேண்டு செட்டுக்காரர்களின் பாஸ் டிரம்மை முகம் மேலே பார்க்கும்படி தொங்கவிட்டுச் சமாளிக்கலாம். தவிலும் பறையும் இதற்கு உதவாது. அவற்றின் ஒலி வெடித்து எழும், இங்கே வேண்டியது தாழ்ந்து நீளும் நாதம்.

சுருதி சேர்க்கும்போது திருகுகளைச் சுற்றி வரிசையாக முறுக்காதீர்கள். ஒன்றை முறுக்கினால் அடுத்தது அதற்கு நேர் எதிரே உள்ளது. ஒவ்வொன்றுக்கும் கால் சுற்று. பிறகு ஒவ்வொரு திருகின் அருகிலும் விரலால் தட்டிப் பாருங்கள், ஒரே சுருதி வரவேண்டும். ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தளர்ந்திருந்தால் அடித்ததும் ஒலி கீழே வழுக்கி ‘டொய்ங்’ என்று சாயும். முதல் ஃபுண்டோவைத் தோலில் சுருக்கம் போகும் அளவுக்குச் சற்று மேல்வரை மட்டும் இறுக்குங்கள். அதிலிருந்து ஒரு ச–ம இடைவெளி மேலே இரண்டாம் ஃபுண்டோ. இந்தத் தூரம் குறைந்தால் தெருவில் இரண்டும் ஒன்றாகக் கேட்கும், கேள்வி–பதில் செத்துப்போகும்.

வார் பட்டையைத் தோளில் போட்டு, மேளம் இடுப்புக்குச் சற்றுக் கீழே, சற்று முன்சாய்வாக நிற்கும்படி நீளத்தைச் சரிசெய்யுங்கள். அதிகம் தாழ்ந்தால் நடக்கும்போது விளிம்பு முட்டியில் மோதிக் கன்றிப்போகும். முட்டி உறை போட்டுக்கொள்வது நல்லது. காதடைப்பான் எல்லாருக்கும், எப்போதும். ரெபிக்கே வரிசைக்கு முன்னால் நிற்பவருக்குத்தான் முதலில் காது போகும்.

முதல் பயிற்சிக்கு மேளமே வேண்டாம். வலது, இடது என்று கால் மாற்றி நின்ற இடத்திலேயே அசைந்துகொண்டு, நான்கு அடி எண்ணுங்கள். ஒலொடூமில் உடம்பின் அசைவு அலங்காரமல்ல, அதுதான் எல்லாருக்கும் பொதுவான கடிகாரம். பிறகு ஒரு ஃபுண்டோவுக்கு 1, 3. மற்றதற்கு 2, 4. எது ஒன்றில் தொடங்கும் என்பது குழுவுக்குக் குழு மாறும், நீங்கள் ஒன்றைத் தீர்மானித்து மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள். தாளம் காட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 80 அடியில் வைத்து இந்த இரண்டு மேளமும் மட்டும் பத்து நிமிடம். சலிப்பாக இருக்கும், குறைக்காதீர்கள்.

அடுத்து மார்கசாங். மூன்று அடி சும்மா இருந்து, நான்காம் அடியில் ‘தகதிமி’ நான்கையும் அடித்துச் சுற்றைத் தள்ளிவிடட்டும். அதன் பிறகு டோப்ரா: ஒவ்வொரு அடியிலும் ‘தக’வில் மௌனம், ‘திமி’யில் இரண்டு தட்டு. ரெகேயின் எழும்பல் இந்த ‘திமி’யில்தான் இருக்கிறது. காய்ஷா பதினாறு மாத்திரையையும் மெல்லியதாக ஓட்டிக்கொண்டு, மேலே சொன்ன ஐந்து தட்டில் மட்டும் அழுத்தம் கொடுக்க வேண்டும். ரெபிக்கே அந்த ஐந்தையும் கூர்மையாக எடுத்துக் காட்டட்டும். இவை தொடக்கத்துக்கான எளிய வடிவங்கள். கை ஊறிய பிறகு பாட்டுக்கேற்ப மாற்றலாம். எல்லாம் சேர்ந்து இரண்டு நிமிடம் தடுமாறாமல் நின்றால் வேகத்தை 85, 90, 95 என்று ஏற்றுங்கள்.

என்னவெல்லாம் தவறும்? டோப்ராக்காரர் தம் ‘திமி’யை அறியாமலே அடியோடு சேர்த்துவிடுவார், காலசைவை நிறுத்தியிருப்பார், அதுதான் காரணம், மேளத்தை இறக்கிவிட்டுக் காலை மீண்டும் தொடங்கச் சொல்லுங்கள். மார்கசாங்காரருக்கு இடைவெளியில் எதையாவது நிரப்பத் தோன்றும். நிரப்பினால் அடுத்த சுற்றைத் தள்ளும் வலு போய்விடும். ஃபுண்டோக்காரர் முழு வலுவோடு அடித்தால் தோல் அடைத்து ஒலி சுருங்கும். மட்டையின் எடையைத் தோல் மேல் விட்டு உடனே எடுக்கவேண்டும், அடித்து அழுத்தக்கூடாது. வேகம் ஏறுகிறதென்றால் மெஸ்ட்ரி கத்திப் பயனில்லை. ரெபிக்கேயும் காய்ஷாவும் நிற்கக் கைகாட்டிவிட்டு ஃபுண்டோ மட்டும் நான்கு சுற்று ஓடட்டும், வேகம் தானாகக் கீழே வரும்.

மெஸ்ட்ரி எல்லாரும் பார்க்கும்படி முன்னால் நிற்க வேண்டும். தெருவில் சொல் எடுபடாது. விசிலும் கையும்தான் மொழி. அழைப்பு, நிறுத்தம், ‘சுர்டோ மட்டும்’ என்று மூன்று குறிப்புகளோடு தொடங்குங்கள். மேளத்தைத் தலைக்கு மேல் தூக்கிச் சுழற்றுவது பார்க்க அற்புதமாக இருக்கும். ஆனால் தாளம் உடம்பில் இறங்காதவர் மேளத்தைத் தூக்கினால் அடி விழாது, அடி விழாத இடத்தில் பக்கத்து வரிசை குலையும். அதற்குச் சில மாதம் போகட்டும்.

6. சால்வடோருக்குப் போகிறவர்களுக்கு

நாளைக் கணக்கிடுவது எளிது: ஈஸ்டர் ஞாயிறுக்கு 47 நாள் முன் வருவது கார்னிவல் செவ்வாய். 2027-இல் ஈஸ்டர் மார்ச் 28, கார்னிவல் செவ்வாய் பிப்ரவரி 9. சால்வடோரில் அதற்கு முந்தைய வியாழனே தொடங்கிவிடும், சாம்பல் புதன் காலைவரை ஓடும். ஊர்வலத்துக்கு மூன்று பெரிய தடங்கள்: நகர மையத்தில் காம்ப்போ கிராண்டே, கடற்கரையோரம் பார்ரா–ஒந்தினா, பழைய நகரமான பெலோரின்யோ. லாரிகளின் ஆரவாரம் வேண்டுமென்றால் பார்ரா. மேளம் வேண்டுமென்றால் பெலோரின்யோவைத் தவிர வேறு இடம் யோசிக்காதீர்கள். ஒலிபெருக்கி இல்லாத மேளம் குறுகிய தெருச்சுவர்களில் மோதி நெஞ்சில் இறங்குவது அங்கேதான்.

ஒலொடூம் வழக்கமாகக் கார்னிவல் வெள்ளியன்று பெலோரின்யோவிலிருந்து கிளம்பும். சனி இரவு இலே ஐயே குருஸுவிலிருந்து கிளம்புவதை விடாதீர்கள். புறா பறக்கவிட்டு வழிபாட்டோடு தொடங்குவார்கள். ஃபில்யோஸ் டி காந்தி ஞாயிறு முதல். நேரம் ஆண்டுக்கு ஆண்டு மாறும், தாமதமும் சகஜம். அந்த ஆண்டு அட்டவணையைக் குழுவின் சொந்த அறிவிப்பில் பாருங்கள்.

கயிற்றுக்குள் நடக்க அந்த ஆண்டுக்கான உடையை வாங்கவேண்டும். அதற்கு ஃபன்ட்டசியா என்று பெயர். லாரி பிளோக்கோக்களில் கொடுக்கும் சட்டைக்கு அபடா. குழுவின் அலுவலகத்தில் அல்லது அவர்களே அறிவித்த இடத்தில் மட்டும் வாங்குங்கள், தெருவில் விற்பதில் போலி கலந்திருக்கும். காசு கட்டாமல் வெளியே ஆடும் கூட்டத்துக்குப் பிப்போகா, அதாவது சோளப்பொரி, என்று பெயர். அங்கேயும் இசை அதேதான். ஆனால் நெரிசல் கடுமையாக இருக்கும், ஜேப்படியும் உண்டு. பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டு நகலோடு, அன்றைக்கு வேண்டிய காசை உள்பையில் வைத்துக்கொண்டு போங்கள். செருப்பு வேண்டாம், கல்தெரு வழுக்கும், கால் மிதிபடும், மூடிய காலணிதான் சரி. சுர்டோ வரிசைக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள். மேள வரிசைகளுக்கு நடுவே குறுக்கே போகவே கூடாது. மட்டை பின்னால் வீசி வரும், முகத்தில் படும்.

இந்தியாவிலிருந்து போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை மறக்கக்கூடாது. பிரேசிலிலிருந்து திரும்பும்போது இந்திய விமான நிலையத்தில் அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே அது செல்லும். இல்லாதவர்களைத் தனிமைப்படுத்தி வைப்பார்கள். நேரடி விமானம் கிடையாது. பெரும்பாலோர் சாவோ பாலோவில் இறங்கி உள்நாட்டு விமானத்தில் சால்வடோர் போகிறார்கள். கார்னிவல் வாரத்துக்கான அறையைப் பல மாதம் முன்பே பிடித்துவிடுங்கள். பல விடுதிகள் முழு வாரத்துக்கும் சேர்த்துத்தான் கொடுக்கும், வாடகையும் பல மடங்கு ஏறியிருக்கும்.

கொட்டக் கற்றுக்கொள்வதுதான் நோக்கம் என்றால் கார்னிவல் வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். அந்த வாரத்தில் யாருக்கும் உங்களுக்குச் சொல்லித்தர நேரமிருக்காது. அதற்கு முந்தைய கோடை வாரங்களில், டிசம்பர், ஜனவரியில் போனால் ஒத்திகைகள் நடந்துகொண்டிருக்கும். பெலோரின்யோவில் செவ்வாய் மாலை சாவோ ஃபிரான்சிஸ்கோ தேவாலயப் பூசைக்குப் பிறகு தெருவெல்லாம் இசை என்பது பழைய வழக்கம். ஒலொடூமின் செவ்வாய் நிகழ்ச்சிகளும் அதை ஒட்டி வளர்ந்தவை. அன்று பகலிலேயே போய்ப் பெலோரின்யோவில் ஒலொடூம் மாளிகையையும் டிடாவையும் விசாரியுங்கள். வெளியூர்க்காரர்களுக்கு மேள வகுப்பு எடுப்பவர்களும் அங்கே இருக்கிறார்கள். வகுப்பில் ரெபிக்கே கேட்காதீர்கள். இரண்டாம் ஃபுண்டோவைக் கேட்டு வாங்கி, வலது, இடது என்று அசைந்துகொண்டு, உங்கள் அடி வரும்வரை காத்திருந்து அடியுங்கள்.